மணங்கும் மாறிலியும்

சென்னை மாகாணத்து மணங்கு 25 இராத்தல்; பம்பாய் மணங்கு 28 இராத்தல். 1958ஆம் ஆண்டில் மெட்ரிக் அளவைகள் நடைமுறைக்கு வரத் தொடங்குமுன், தெற்கேயிருந்து இரயிலேறி வந்து மாதுங்காவிலும் தாராவியிலும் குடியமர்ந்த நம் முன்னோர், மொழியோடு அளவையையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. பெயர் ஒன்றே, நிறை ஊருக்கு ஊர் வேறு. ஏன் 25, ஏன் 28 என்று கேட்டால், வழக்கம் என்பதற்கு மேல் விடை கிடையாது. யாவரும் ஒப்புக்கொண்டதால் அது அளவை ஆயிற்று.

இயற்பியல் நூல்களிலும் இத்தகைய எண்கள் உள. ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, மாக்ஸ் பிளாங்க் 1900இல் கண்ட மாறிலி என அவை வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். இவை மணங்கைப் போன்ற வழக்கமா, அன்றி இயற்கையின் சொல்லா? நம் பிள்ளைகள் இவ்வினாவை எழுப்பினால் நாம் என்ன விடை கூறுவோம்?

பிளாங்க் மாறிலியை எடுத்துக்கொள்வோம். ஆற்றல் இடையறாது ஒழுகும் நீரன்று, எண்ணி அளக்கும் நெல்மணி போன்றது என்பது குவாண்டம் கொள்கையின் முதற் செய்தி. ஒளியின் அதிர்வெண்ணை இம்மாறிலியால் பெருக்கினால் ஒரு மணியின் ஆற்றல் கிடைக்கும். ஆனால் அதன் எண்மதிப்பு கிலோகிராமையும் மீட்டரையும் நொடியையும் சார்ந்தது. கிலோகிராமோ, பாரிசுக்கு அருகில் பூட்டி வைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்றின் நிறையாக 1889 முதல் 130 ஆண்டுகள் இருந்தது. 2019 மே 20 முதல் நிலைமை தலைகீழாயிற்று. உலக நாடுகள் கூடிப் பிளாங்க் மாறிலியின் எண்ணை நிலைநிறுத்தி, அதிலிருந்து கிலோகிராமை வரையறுத்தன. ஆகவே நூலில் அச்சாகும் அந்த எண்ணில் மனிதக் கை பட்டிருக்கிறது. அது பாதி மணங்கு எனலாம்.

மனிதக் கை படாத எண்ணும் உண்டு. எலெக்ட்ரானின் மின்னூட்டம், பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம் முதலியவற்றை உரியவாறு இணைத்தால், அலகுகள் யாவும் அடிபட்டுப்போக, ஏறத்தாழ 137இல் ஒரு பங்கு என்னும் வெற்றெண் எஞ்சும். படியால் அளப்பவனுக்கும் லிட்டரால் அளப்பவனுக்கும் அது ஒன்றே. மின்விசையின் வலிமையை அது சொல்கிறது.

இயற்கையின் எண்கள் கூடினால் என்ன விதிக்கும் என்பதைக் கண்டவர் நம்மவர் ஒருவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930 ஜூலை 31ஆம் நாள், பத்தொன்பது வயதில், நாம் வாழும் இம்மாநகரின் துறைமுகத்திலேதான் கப்பலேறினார். அப்பயணத்தில் அவர் எரிந்து தீர்ந்த விண்மீனின் கதியைக் கணக்கிட்டார். அத்தகைய விண்மீனை அதன் ஈர்ப்பே உள்நோக்கி நெருக்கும். எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் ஒன்றாக அமர மறுத்து எதிர்த்துத் தள்ளும். அத்தள்ளலின் அளவைப் பிளாங்க் மாறிலி வகுக்கிறது. நிறை கூடக்கூட எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை அணுகும். அதற்கு மேல் விரைய இயலாமையால் தள்ளல் தோற்கும். எந்த நிறையில் தோற்கும்? பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, புரோட்டானின் நிறை ஆகியவற்றிலிருந்தே விடை வருகிறது. இன்றைய கணக்கில் ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. எந்த ஊர் வழக்கமும் அதில் இல்லை. அணுவின் எண் விண்மீனின் ஊழை விதிக்கிறது!

1935 ஜனவரி 11இல் இலண்டன் அரச வானியல் கழகத்தில் இம்முடிவை அவர் எடுத்துரைத்தபோது, அக்கால வானியலின் தலைமகனான ஆர்தர் எடிங்டன் எழுந்து மறுத்தார். விண்மீன் இப்படி ஓயாது சுருங்குவது பொருந்தாது, அதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். இதே எடிங்டன்தான் 137ஐயும் சிந்தனை வலிமை ஒன்றைக்கொண்டே வருவிக்க முயன்றவர். முதலில் 136 என்றார்; சோதனைகள் 137ஐ நெருங்கவே ஒன்றைக் கூட்டிக்கொண்டார். கேலி செய்வோர்க்கு நல்ல விருந்து.

நாம் அவரை எள்ளுவதற்கில்லை. ஏன் 137 என்ற அவர் கேள்வி பெரிய கேள்வி. ஆனால் கேட்பது வேறு. இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று இயற்கைக்கு ஆணையிடுவது வேறு. இது கணக்கில் நேர்ந்த பிழையன்று, அறத்தில் நேர்ந்த பிழை என்றே நமக்குத் தோன்றுகிறது. தனிப்பட்ட முறையில் சந்திரசேகர் பக்கம் பேசிய இயற்பியல் அறிஞர் சிலரும் அவையறியப் பேச முன்வரவில்லை என்பது இன்னும் வருத்தத்திற்குரியது. அவருக்கு நோபல் பரிசு வந்தது 1983இல்.

இவ்வெண்களின் தோற்றுவாய் எது? இறைவன் வகுத்தவை என்பாரும், எண்ணிறந்த அண்டங்களுள் வாழத்தக்க எண்கள் அமைந்த ஒன்றில் நாம் இருக்கிறோம், அவ்வளவே என்பாரும் உளர். இரண்டையும் அளந்து பார்க்க வழி காணோம். அளக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: இவை என்றும் மாறாதிருந்தனவா? ஈர்ப்பு மாறிலி காலப்போக்கில் தேயலாம் என்று 1937இல் டிராக் கருதினார். மற்றவற்றைச் சோதிக்க எதிர்பாராத இடத்தில் சான்று கிடைத்தது. செம்பூர்க் குடும்பங்கள் பலவற்றிற்கு டிராம்பே அணு ஆய்வு மையம் அன்றாடப் பெயர். அங்கே 1956 ஆகஸ்ட் 4இல் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. மனிதன் கட்டாத உலையும் ஒன்று இருந்தது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில், ஓக்லோ என்னுமிடத்து யுரேனியப் படிவு, ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் தானே உலையாகி எரிந்தது என்பது 1972இல் தெரியவந்தது. அதன் எச்சத்தில் சமாரியம் என்னும் தனிமத்தின் அளவை ஆராய்ந்து, அன்றைய 137க்கும் இன்றைய 137க்கும் வேறுபாடு இல்லை எனும் அளவு நுண்மையாக 1976இல் சோவியத் அறிஞர் ஷ்லியாக்டர் காட்டினார். மாறவில்லை என்பது தெரிகிறது; ஏன் 137 என்பது அந்தச் சாம்பலிலும் இல்லை.