கணினி நீரின் மெய்ம்மை

பயன்தரும் செயலுக்கு இட்டுச்செல்லும் அறிவே மெய்யறிவு என்பது நியாய தரிசனத்தின் பழந்துணிபு. நியாய சூத்திரங்களுக்கு வாத்ஸ்யாயனர் இயற்றிய உரை இக்கருத்தோடுதான் தொடங்குகிறது. கானல்நீரை நாடிச் சென்றவன் தாகம் தீராமல் திரும்புவதால் அவன் கண்டது பிழை என்றும், குளத்தை நாடிச் சென்றவன் தாகம் தணிவதால் அவன் கண்டது மெய் என்றும் நியாய மரபினரான நையாயிகர் முடிவுசெய்வர். விமானங்களைக் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டுகளில் காணும் நீரை இவ்வளவுகோலால் அளந்தால் எளிதில் தீராத சிக்கல் எழுகிறது. அந்நீரும் கானலைப் போல ஒளித்தோற்றமே. ஆயினும் அதன்மேல் கடல் விமானம் இறங்குகிறது, மிதக்கிறது, தவறாக இறக்கினால் உடைகிறது.

‘சிம்பிள்பிளேன்ஸ்’, ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ போன்ற விளையாட்டுகளில் கடல் விமானம் அமைப்பவர், எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் நிறை மையத்துக்குச் சற்றுப் பின்னே, இறக்கைகளின் தூக்குவிசை குவியும் மையம் அமையுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னே அமைந்தால் விமானம் மூக்கை மேலே தூக்கி நிலைகுலையும். மிதவைகள் மிகவும் பின்தள்ளி இருந்தால் நீரில் நின்ற கணமே மூக்கு அமிழும். மூக்கைச் சிறிது உயர்த்தி, இறங்கும் வேகத்தை மெல்லக் குறைத்து வந்தால்தான் மிதவை முதலில் நீரைத் தொடும். அமைப்பவரின் விருப்பத்துக்கு இந்த நீர் வளைந்துகொடுப்பதில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

நீர் மனிதரால் ஆக்கப்பட்டது என்பதனாலேயே அது பொய்யாகிவிடாது. கொல்கத்தாவின் கரியாஹாட்டுக்கு அருகிலுள்ள ரவீந்திர சரோவர் 1920களில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வெட்டுவித்த ஏரி. அதில் துடுப்புப் படகு செலுத்துவோர் எவரும் அந்நீரைப் போலி என்று கருதுவதில்லை. கரியாஹாட் சாலையிலுள்ள கோல்பார்க்கில், 1938இல் நிறுவப்பட்ட ராமகிருஷ்ண மிஷன் பண்பாட்டுக் கழகம் இருக்கிறது. அங்கே போற்றப்படும் அத்வைத மரபிலிருந்தே நியாயத்துக்கு வலிமையான மறுப்பு வருகிறது. மாண்டூக்ய காரிகையில் கௌடபாதர், விழிப்புநிலைப் பொருள்களின் பயன்கூடக் கனவில் பொய்த்துப்போவதைச் சுட்டுகிறார். வயிறார உண்டு படுத்தவன் கனவில் பசியால் வாடுகிறான் என்று சங்கரர் அதை விளக்குவார். பயனே மெய்ம்மைக்குச் சான்றாகாது என்றால், கணினி நீரும் கனவுநீராகிவிடும்.

ஆயினும் இந்த ஒப்புமை முழுமையாகப் பொருந்தவில்லை. கனவு ஒருவருக்கே உரியது. அதன் விதிகள் காண்பவர் அறியாமலே மாறும். விளையாட்டின் விதிகளோ எல்லோருக்கும் ஒன்றாக நிற்கின்றன. ஒருவர் செய்த பிழையை அவருக்குக் காட்டி, அடுத்த அமைப்பைத் திருத்த வைக்கின்றன. ஒருவரின் எண்ணத்தை மறுத்துரைக்க வல்ல ஒன்றை வெறுந்தோற்றம் என்று ஒதுக்குவது தகாது. பொதுவழக்கில் செல்லுபடியாகும் மெய்ம்மையை அத்வைதிகள் வியாவகாரிகம் என்பர், அதன் ஒரு சிறு பகுதியையாவது இந்நீருக்கு அளிக்கவேண்டும்.

பகுதி என்று சொல்லக் காரணம் உண்டு. மெய்யான மிதவையின் அடிப்புறம் நடுவே படிபோல் வெட்டப்பட்டிருக்கும். விமானம் விரைந்தோடும்போது அவ்விடத்தில் காற்றுப் புகுந்து நீரின் பற்றை விடுவிக்கும். நீருக்கு மிதப்பும் இழுவையும் மட்டுமே வைத்துக் கணக்கிடும் விளையாட்டில் அந்தப் படிக்கு வேலையே இல்லை. விளைவிலும் வேறுபாடு உண்டு. 1938இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா சென்ற இம்பீரியல் ஏர்வேஸின் படகு விமானங்கள், தட்சிணேஸ்வரத்தை அடுத்த பாலிப் பாலத்தருகே ஹூக்ளி ஆற்றில் இறங்கின. அலையற்ற நீர் கண்ணாடிபோல் கிடக்கும்போது உயரம் கண்ணுக்குப் புலப்படாது என்பதால், கடல் விமானிகள் அமைதியான நீருக்கே மிகவும் அஞ்சுவர். அத்தகைய நீரில் உயரத்தைத் தவறாகக் கணித்த விமானி, பயணிகளின் உயிருக்குப் பதில் சொல்லவேண்டும். விளையாடுபவரோ ஒரு பொத்தானை அழுத்தி, உடைந்ததை முழுமையாகத் திரும்பப் பெறுகிறார். விளையாட்டு நீர் தருவது மெய்யறிவே என்று நியாயத்தின் பக்கம் தீர்ப்பளிக்கலாம். ஆனால் அங்கே செய்யப்படும் இறக்கத்தை, பயனைத் தவறாது சுமக்கும் வினையாகக் கொள்ள இயலாது.