தொண்டா, கடனா?

கன்னியர் நடத்தும் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது, "எவ்வளவு பெரிய தொண்டு!" என்று வியப்பது நம் வழக்கம். அச்சொல் எனக்குச் சிறிது உறுத்துகிறது. தொண்டு கொடுப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. நீதி அப்படியன்று. அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிக்கும் நிலையான உறுதியே நீதி என்பார் புனித தோமா அக்குவினார். ஏழைச் சிறுமிக்கு எழுத்தறிவிப்பது இவ்விரண்டில் எது?

1838-இல் சவோய் நாட்டின் ஷவனோ என்னும் சிற்றூரில் அன்னை கிளாடின் எச்செர்னியரும் அருட்தந்தை மெர்மியரும் தொடங்கிய திருச்சிலுவைச் சகோதரிகள் சபை, 1886-இல் விசாகப்பட்டினம் வந்தது. 1923-இல் திருச்சியிலும் 1965-இல் நாகர்கோவிலிலும் பெண்களுக்குக் கல்லூரி கண்டது. நம் கடற்கரை வீடுகளின் பெண்பிள்ளைகளும் அங்கே படித்துப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பின், காணாமற்போனவருக்காக எத்தனை தாள்கள் நிரப்பவேண்டியிருந்தன! எழுதப் படிக்கத் தெரிந்த பெண் இருந்த வீட்டின் அருமை அன்று புரிந்தது. உரிமையைக் கேட்டு வாங்கும் திறனைத் தொண்டு என்று சொல்லிச் சிறுமைப்படுத்தலாகாது.

தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான், 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில், பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் ஒரு முதலாளியைப் படைத்தார். கொடியவர்தான், ஆயினும் கல்வி தம் அதிகாரத்தை அசைக்கும் என்பதை அவர் சரியாகவே உணர்ந்திருந்தார். இன்று நாம் யாரும் பள்ளியை எதிர்ப்பதில்லை. வரிசையில் நின்று இடம் கேட்கிறோம். அதனால்தான் ஐயம் எழுகிறது: கல்வியின் பல்லைப் பிடுங்கிவிட்டு வரவேற்கிறோமோ?

மகள் முதுகலை முடித்தால் அதற்கு மேல் படித்த மாப்பிள்ளை வேண்டும். அவருக்குப் பவுனும் கூடும், ரொக்கமும் கூடும். வரதட்சணையைத் தடுக்கும் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. நம் ஊர்களில் 'சீதனம்' என்ற பெயரில் அது கூசாமல் உலவுகிறது. பெண்ணை விடுவிக்கவேண்டிய படிப்பே அவள் வீட்டாரின் கடனைப் பெருக்குகிறது.

சகோதரிகள் இதைக் கண்டித்துக் கற்பிக்க வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். கற்பிக்கட்டும். நீதிக்கான செயல் நற்செய்திப் பணியின் இன்றியமையாக் கூறு என்று 1971-இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் சொன்னது கன்னியருக்கு மட்டுமன்று. பிள்ளை மாலையில் திரும்பி வருவது நம் வீட்டுக்கு. சீதனம் பேசி முடிக்கும் திண்ணையில் கன்னியர் எவரும் அமர்ந்திருப்பதில்லை. தந்தையும் தாய்மாமனும் அமர்ந்திருக்கிறார்கள். சில வேளைகளில் பங்குப்பேரவை உறுப்பினரும்.