கைத்திறனும் கருவியும்

அறிவு மூளையில் மட்டுமே உறைவது என்பார்க்கு விசைப்பலகைக் கைத்தொலைபேசி தக்க மறுப்பாகும். பிளாக்பெரியின் சிறு விசைகளிற் பழகியவர் எதிரிலிருப்பவரின் முகத்தை நோக்கியபடியே எழுத வல்லவராயிருந்தார். எவ்விசை எங்குளது என வினவின் அவர் தடுமாறுவார், விரல் தடுமாறாது. 2007இல் அப்பிள் நிறுவனம் ஐபோனை வெளியிட்டபின் விசைகள் படிப்படியாக அருகின. பிளாக்பெரியும் தனது சொந்த இயங்குதளத்திலான பழைய கருவிகளுக்குரிய சேவையை 2022 சனவரி 4ஆந் திகதி நிறுத்தியது. தொடுதிரைக்கு மாறியவரோ வழவழத்த கண்ணாடியில் ஒவ்வோர் எழுத்தையும் கண்கொண்டு தேடவேண்டியவரானார்.

இஃது இழப்பா, வெறும் பழக்கமாற்றமா? ஓலையும் எழுத்தாணியும் போனபோதும் ஒருவர் இவ்வாறே வருந்தியிருப்பார் என நகைப்போர் நகைக்கட்டும். கைத்திறனிற் பாதி கருவியிலேயே குடியிருக்கிறது. கருவி சந்தையினின்று மறையுமிடத்து அப்பாதியும் மறைகிறது. ஆயினும் அதனைத் திருடினார் என எவரையுஞ் சுட்டுதற்கில்லை.

எனினும், விசைகளின் பக்கமே நின்று வாதாட என்னால் இயலவில்லை. அவற்றிற் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருந்தவை உரோம எழுத்துகளே. தமிழையும் அவற்றாலேயே பலர் எழுதினர். கண்ணாடிக்கு நிலைத்த எழுத்தில்லையாதலால் தமிழ் அதில் எளிதில் இடம்பெற்றது. பார்வையற்றோரைத் தொடக்கத்திற் புறந்தள்ளிய ஐபோன் திரையும், தொட்டதை வாய்விட்டுரைக்கும் வொய்ஸ்ஓவர் 2009இல் வந்தபின் அவர்களுக்குப் பயன்படலாயிற்று. அது தானாக நேர்ந்ததன்று, வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. அவ்வாறாயின், விரலின் அறிவையும் பேணும் கருவியொன்றை விரும்புவோருக்கென விட்டுவைத்திருக்கலாமன்றோ? விட்டுவையாமைக்கு விடைகூறக் கடமைப்பட்டவர் யார்?