தளர்ந்தவனும் தளர்த்தியவனும்

(திருநீர்மலை அடிவாரம். நீர்வண்ணப் பெருமாள் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டுத் திண்ணை. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியரிடம், அனகாபுத்தூரிலிருந்து வரும் பொறியியல் கல்லூரி மாணவன் கேட்கிறான்.)

சீடன்: ஐயா, ஒரு ஆங்கிலச் சொல்லில் சந்தேகம். கல்லூரியில் மாதிரி நேர்முகத் தேர்வு வைத்தார்கள். என் ஆங்கிலத்தைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாமவர் மட்டும் ‘டீமாரலைஸ் ஆகிவிடாதே’ என்றார். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். மன உறுதியைக் குலைத்தல் என்று போட்டிருந்தது. கூடவே ஒழுக்கத்தைக் கெடுத்தல் என்றும் இருந்தது. பயந்தவனுக்கும் கெட்டவனுக்கும் எப்படி ஐயா ஒரே சொல்?

குரு: இரண்டில் மூத்தது, நீ கடைசியாகச் சொன்ன பொருள். 1790களில், பிரெஞ்சுப் புரட்சியின் சூட்டில், பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட தம் அகராதியில் ஒழுக்கத்தைக் கெடுத்தல் என்றுதான் பொருள் எழுதினார். படையின் மன உறுதியைக் குலைப்பது என்ற பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. இன்று கிரிக்கெட் வர்ணனை வரைக்கும் அந்தப் பின்னதே ஆட்சி செய்கிறது.

சீடன்: அப்படியானால் பழைய பொருளை மறந்துவிடலாமா?

குரு: மறக்குமுன் ஒன்று சொல். அந்தத் தேர்வுக்குப் பிறகு என்ன செய்தாய்?

சீடன்: நண்பன் ஒருவன் எழுதிய ‘செல்ஃப் இன்ட்ரோ’வை வாங்கி மனப்பாடம் செய்தேன். தடுமாறாமல் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

குரு: சொல்லிக் காட்டு. தமிழிலேயே சொல்.

சீடன்: என் பெயர், என் கல்லூரி... பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது, பயணம் செய்வது... என் தந்தை தொழிலதிபர்.

குரு: உன் அப்பா எப்போது தொழிலதிபர் ஆனார்?

சீடன்: (சற்றுப் பொறுத்து) அப்பா நெசவாளர்தான் ஐயா. நண்பன் அப்படி எழுதியிருந்தான். மாற்றவில்லை.

குரு: உன்னை அதட்டுவதற்காகக் கேட்கவில்லை. அகராதியின் இரண்டு பொருளும் ஒரே வாரத்தில் உன்னிடம் வேலை செய்திருக்கின்றன, அதைக் காட்டத்தான் கேட்டேன். முதலில் உறுதி போயிற்று. போன இடத்தில் ஒரு பொய் வந்து உட்கார்ந்தது. தன் அளவில் நிற்க முடியாது என்று நினைப்பவன் இன்னொருவன் அளவைக் கடன் வாங்குகிறான். பரீட்சையில் பார்த்து எழுதுபவர்களில் பாதிப் பேர் படிக்காதவர்கள் இல்லை, படித்ததை நம்பாதவர்கள்.

சீடன்: நான் தளர்ந்துபோனேன் என்பது உண்மைதான் ஐயா.

குரு: தளர்ந்தேன் என்பது என்ன வினை?

சீடன்: தன்வினை.

குரு: தளர்த்தினான்?

சீடன்: பிறவினை.

குரு: நீ கேட்ட ஆங்கிலச் சொல் பிறவினை. ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. செய்தவர் யார் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. நம் ஆட்கள் ‘எனக்கே நம்பிக்கை போயிடுச்சு’ என்று தன்வினையில் சொல்லி, செய்தவரைத் தப்பவிட்டுவிடுகிறார்கள். சல்லியனை உனக்குத் தெரியுமா?

சீடன்: கர்ணனுக்குத் தேரோட்டியவர். கூத்தில் பார்த்திருக்கிறேன்.

குரு: அவர் மத்திர நாட்டு அரசர், நகுல சகாதேவர்களின் தாய்மாமன். பாண்டவர்களுக்குத் துணையாக வந்துகொண்டிருந்தவரை வழியில் உபசரித்துத் துரியோதனன் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இதைக் கேள்விப்பட்ட தருமர் என்ன கேட்டார் தெரியுமா? நீங்கள் கர்ணனுக்குத் தேரோட்டும் நாள் வரும். அப்போது அவன் தேஜஸைக் கொன்றுவிடுங்கள் என்றார். வியாசர் அதற்கு வைத்த பெயர் தேஜோவதம். உன் அகராதிச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்த்ததில்லை. ஆளைக் கொல்ல வேண்டாம், அவன் ஒளியைக் கொன்றால் போதும்.

சீடன்: தருமரே இப்படிக் கேட்டாரா?

குரு: தருமரேதான். நல்லவர்களும் செய்யும் வேலை இது. பதினேழாம் நாள் போரில் சல்லியர் தேர்த்தட்டில் ஏறினார். ஏறுமுன் ஒரு நிபந்தனை போட்டார்: நான் என்ன வேண்டுமானாலும் பேசுவேன், கர்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு கதை சொன்னார். வணிகன் வீட்டுப் பிள்ளைகள் போட்ட எச்சிலைத் தின்று வளர்ந்த காக்கை ஒன்று, அன்னங்களோடு பந்தயம் கட்டிப் பறந்து, நடுக்கடலில் சிறகு ஓய்ந்து விழுந்ததாம். கௌரவர் சோறு தின்று வளர்ந்தவனே, அர்ச்சுனன் அன்னம், நீ காக்கை என்பது கதையின் முடிவு. கவனி, கர்ணன் வில் பிடிப்பதில் இன்ன குறை என்று சல்லியர் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றையும் பிறப்பையும் பிடித்துக்கொண்டார்.

சீடன்: ஆனால் கர்ணன் அதனால் சாகவில்லையே ஐயா. தேர்ச்சக்கரம் புதைந்தது, பரசுராமர் சாபத்தால் அஸ்திரம் மறந்தது.

குரு: நல்ல கேள்வி. கர்ணன் பயப்படவும் இல்லை. பேச்சுக்கு அஞ்சுகிறவன் நான் அல்ல என்று திருப்பிச் சொன்னான். சல்லியரின் நாட்டையே வசைபாடினான். துரியோதனன் நடுவில் வந்து இருவரையும் அடக்க வேண்டியிருந்தது. எதிரே அர்ச்சுனன் நிற்க, கர்ணன் கவனம் தன் தேருக்குள்ளேயே செலவாயிற்று. தளர்த்துகிறவனுக்கு அதுவே ஆதாயம். நீ பதில் சொல்லும்போது எதை யோசித்துக்கொண்டிருந்தாய்?

சீடன்: சிரித்தவர்களைத்தான். கேட்ட கேள்வி பாதி காதில் விழவில்லை.

குரு: ஆங்கிலம் பாதி, கவனம் பாதி.

சீடன்: அப்படியென்றால் குறை சொல்வதே கூடாதா? நீங்களும் என் கட்டுரைகளைக் கிழித்திருக்கிறீர்கள்.

குரு: கிழித்தேன், இனியும் கிழிப்பேன். இன்னொரு தேரைப் பார். திருவல்லிக்கேணியில் மீசையோடு நிற்கிறாரே பார்த்தசாரதி, அவர் ஓட்டிய தேர். அங்கேயும் ஒருவன் தளர்ந்தான். வாய் உலர்ந்து, உடம்பு நடுங்கி, காண்டீபம் கையிலிருந்து நழுவியது. கீதையின் முதல் அத்தியாயத்துக்கே அர்ச்சுன விஷாத யோகம் என்று பெயர். கண்ணன் உடனே தட்டிக்கொடுத்தானா? இல்லை. முதல் பேச்சே கடுமையானது; பேடித்தனம் என்கிறான்.

சீடன்: சல்லியரும் திட்டினார், கண்ணனும் திட்டினான். வித்தியாசம் எங்கே?

குரு: உனக்கு இது தகுமா என்று கண்ணன் கேட்டான். உனக்கு இது எதற்கு என்று சல்லியர் கேட்டார். முதல் கேள்வி உன்னை உயரத்தில் வைத்துவிட்டுக் கீழே என்ன வேலை என்கிறது. இரண்டாவது உன்னைக் கீழே வைத்துவிட்டு ஏன் ஏறுகிறாய் என்கிறது. வார்த்தை எவ்வளவு காரம் என்று பார்க்காதே, எந்த இடத்தில் உன்னை வைத்துப் பேசுகிறது என்று பார். ஒன்று திருத்தம், மற்றது தேஜோவதம்.

சீடன்: சரி ஐயா, செய்தவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். என் தளர்ச்சி அதனால் போய்விடுமா?

குரு: போகாது. அன்று சிரித்தவர்கள் அன்றே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு உன்னை நீயேதான் தளர்த்திக்கொண்டிருக்கிறாய். முதல் நாள் அவர்கள் கணக்கில், மற்ற நாட்கள் உன் கணக்கில். அதை நிறுத்த அளந்து பார்க்க வேண்டும். குறளில் வலியறிதல் எத்தனையாவது அதிகாரம்?

சீடன்: 48. அடுத்தது காலமறிதல், 50 இடனறிதல்.

குரு: வலியறிதலில் நான்கு வலிமைகளை எடைபோடச் சொல்கிறார் வள்ளுவர்: செய்யப்போகும் செயல், தன் வலிமை, எதிர்ப்பவர் வலிமை, துணை வருவோர் வலிமை. கர்ணன் கோட்டை விட்டது நான்காவதில். குதிரை நூலில் சல்லியர் கண்ணனுக்கு நிகர் என்று அவனே கேட்டு வாங்கிய சாரதி. திறமையைப் பார்த்தான், மனத்தைப் பார்க்கவில்லை. நீ உன் நான்கையும் சொல்.

சீடன்: செயல், புரோகிராம் எழுதும் வேலை. என் வலிமை, பைத்தானில் கொடுத்த கணக்கைப் போட்டுவிடுவேன். ஆங்கிலத்தில் விளக்கத்தான் வராது. எதிர்ப்பவர்கள், இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்கள். துணை... அந்த ‘செல்ஃப் இன்ட்ரோ’ நண்பன்.

குரு: பார், ‘எனக்கு ஒன்றும் வராது’ என்று வந்தவன், ‘விளக்க வராது’ என்ற இடத்துக்கு வந்துவிட்டாய். ஒன்றும் வராதவனுக்கு மருந்து கிடையாது. விளக்க வராதவனுக்கு ஆறு மாதப் பயிற்சி போதும்.

சீடன்: ஆறு மாதமா?

குரு: இந்த மலைக்கும் அதே கணக்குதான். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாம். அருகிலேயே தங்கி, ஆறு மாதம் பொறுத்து, நீர் வடிந்தபின் ஏறி வணங்கினார் என்பது இந்தத் தலத்து ஐதீகம்.

சீடன்: காத்திருந்தால் ஆங்கிலம் வடியாதே ஐயா!

குரு: (சிரித்து) வடியாது, நீந்தித்தான் ஆக வேண்டும். நான் அந்தக் கதையில் பார்ப்பது அவர் போட்ட கணக்கை. நீர் வழியில் இருக்கிறது, குறை தம் காலில் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் திரும்பிப் போகவும் இல்லை, வேறொரு மலையைப் பார்த்துவிட்டுத் திருநீர்மலை பார்த்தேன் என்று பாடவும் இல்லை.

சீடன்: தொழிலதிபர் என்று சொன்னது அந்த வேறு மலை.

குரு: அதேதான். உன் ஊரையே எடுத்துக்கொள். அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. அந்தச் சந்தை அடைபட்டதும் தறிகள் குறைந்தன. மிஞ்சியவர்கள் வாழை நாரில் நெய்து பார்த்தார்கள். பிறகு வேறு பல இயற்கை நார்களிலும் நெய்தார்கள். சந்தை போனதைக் கைத்தொழில் போனதாக அவர்கள் எண்ணவில்லை. தேர்வில் உட்காருகிற அதிகாரிக்கு இதைவிட நல்ல அறிமுகம் வேறு என்ன வேண்டும்? பாவு, ஊடு, கட்டம் எல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததைப் பேசும்போது ஆங்கிலமும் கொஞ்சம் இறங்கி வரும்.

சீடன்: தப்பும் தவறுமாகத்தான் வரும்.

குரு: வரட்டும். இலக்கணப் பிழையை அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம். பொழுதுபோக்கு, தந்தை இரண்டையும் இன்றைக்கே மாற்றி எழுது.

சீடன்: எழுதுகிறேன் ஐயா. வள்ளுவர் தளர்ச்சிக்கென்று தனியாக ஒன்றும் சொல்லவில்லையா?

குரு: ஊக்கமுடைமை 60, மடியின்மை 61, ஆள்வினையுடைமை 62, இடுக்கணழியாமை 63. இந்த நான்கோடு அரசியல் இயல் முடிகிறது. அடுத்த அதிகாரம் அமைச்சு. அரசன் அமைச்சனைத் தேடுமுன் கற்கும் கடைசிப் பாடம், துன்பத்தில் உடையாமல் இருப்பது. அதைக் கற்காதவன் பக்கத்தில் யாரை வைத்துக்கொள்வான்? சல்லியரைத்தான்.

சீடன்: எனக்கு நல்ல சாரதி கிடைத்துவிட்டார் ஐயா.

குரு: அதோடு நின்றுவிடாதே. அடுத்த வருடம் உன் ஜூனியர்களுக்கு மாதிரித் தேர்வு வைக்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் நீ உட்காருவாய். தமிழ் மீடியத்துப் பையன் ஒருவன் வந்து தடுமாறுவான். சிரிக்காதே. ‘தமிழில் சொல், பிறகு ஆங்கிலத்தில் முயன்று பார்’ என்று சொல்லி அடுத்த கேள்வியைக் கேள்.