எய்தவன் இருக்க அம்பை நோகலாமா?



கோலாலம்பூரில் உள்ள பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களில் நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். எல்லாரும் லாயர் இல்லை. செயலாளர், கிராணி, டிஸ்பேட்ச், ரிசப்ஷன் என்று பல வேலைகள் உண்டு. அவர்களில் ஒருவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "உங்க ஆபீஸ் நடத்துற வழக்கால ஒரு குடும்பம் வீட்டை இழந்தா, அந்தப் பாவத்துல உங்களுக்கும் பங்கு உண்டா?"

"நான் என்னங்க செய்யுறது? சொன்னதை டைப் பண்றேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்றுதான் பதில் வரும்.

இந்தப் பதில் பாதி சரி. நீதிமன்றம் போகும் உரிமை எல்லாருக்கும் உண்டு, வங்கிக்கும் வீட்டு மேம்பாட்டாளருக்கும்கூட. தீர்ப்பு சொல்பவர் நீதிபதி. ஒவ்வொரு வழக்கின் முடிவையும் கிராணி தன் தலையில் சுமந்தால் ராத்திரி தூக்கம் வராது.

மீதிப் பாதிதான் தப்பு. சட்டமே அவரை வெறும் அம்பாக நினைக்கவில்லை. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை வழக்கறிஞர் வெளியிடக்கூடாது என்கிறது. அடுத்த 127ஆம் பிரிவு, அதே கடமையை அவருடைய கிராணிகளுக்கும் பணியாளர்களுக்கும் வைக்கிறது. ரகசியம் காப்பதில் லாயருக்கு ஒரு நியாயம், கிராணிக்கு ஒரு நியாயம் என்று இல்லை.

இது சில நேரம் நெஞ்சைச் சுடும். ஒரு பைலைத் திறந்தால், உங்கள் மாமா குடியிருக்கும் நிலம் கைமாறப் போவது தெரிகிறது. சொல்லலாமா? கூடாது. உங்களை நம்பித்தான் அந்தக் காகிதம் மேசைக்கு வந்தது. ஆனால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் வேலையை ஒழுங்காகச் செய்யலாம். உயர்நீதிமன்ற வழக்கில் சம்மன் கையில் கிடைத்தவர், தீபகற்ப மலேசியாவில் 14 நாட்களுக்குள் ஆஜராவதாகப் பதிவு செய்யவேண்டும். செய்யாவிட்டால், அவர் பக்கத்தைக் கேட்காமலேயே எதிர்த்தரப்பு தீர்ப்பு வாங்கிவிட முடியும். டிஸ்பேட்ச் தம்பி சரியான கதவைத் தட்டினாரா, கிராணி வீட்டு எண்ணைச் சரியாக அடித்தாரா என்பதில்தான் எதிராளியின் வாய்ப்பே தொங்குகிறது. அந்த ஒரு எண் தர்மமான விஷயம்.

சரி, சொல்லப்படும் வேலையே தப்பாக இருந்தால்? மகாபாரதச் சூதாட்டச் சபையை நினைத்துப் பாருங்கள். திரௌபதியை அழைத்து வரச் சொல்லி துரியோதனன் முதலில் விதுரரிடம் சொன்னான். விதுரர் மறுத்து, கண்டித்தும் பேசினார். அடுத்து தேரோட்டி பிராதிகாமியை அனுப்பினான். தருமர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா என்று கேட்டு வா என்றாள் திரௌபதி. தேரோட்டி திரும்பி வந்து அதைச் சபையில் கேட்டான். தருமரிடம் பதில் இல்லை. மறுபடி போகச் சொன்னபோது அவன் தயங்கினான். பிறகு போனவன் துச்சாதனன். அவன் யாரையும் எதையும் கேட்கவில்லை.

விதுரராக இருக்க எல்லாராலும் முடியாது. வீட்டு வாடகை, கார் லோன், அம்மாவின் மருந்துச் செலவு எல்லாம் இருக்கிறது. ஆனால் துச்சாதனனாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நடுவில் தேரோட்டியின் வழி இருக்கிறது. கேள்வியை முடிவெடுப்பவரிடமே திருப்பிக் கொண்டு போவது.

ஓர் உதாரணம். கட்சிக்காரர் உங்கள் கண்முன் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் சாட்சியாக உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். "சார், அவர் போட்டதை நான் பார்க்கலையே, எப்படி சாட்சி போடுறது?" என்று பணிவாகக் கேளுங்கள். பழைய தேதி போடச் சொன்னாலும் அப்படித்தான். ஈமெயிலில் கேட்டால் இன்னும் நல்லது. பல தவறுகள் அந்த ஒரு கேள்வியிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால், கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பத்திரத்தில் இருக்கப்போவது உங்கள் பெயர். அங்கே எய்தவர், அம்பு என்ற கணக்கு எடுபடாது. ரகசியக் கடமையும் குறுக்கே வராது, சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டதை 126ஆம் பிரிவு பாதுகாப்பதில்லை.

இதனால் வேலைக்கே ஆபத்து வரலாம், பொய் சொல்ல விரும்பவில்லை. அதனால்தான் சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. நாளை நீங்கள் பெரிய அறையில் உட்காரும்போது, ஒரு கிராணி தயங்கித் தயங்கி வந்து கேள்வி கேட்டால் எரிச்சல் படாதீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் கேட்பதைக் கேளுங்கள்.