கையை எந்த வங்கி கடனாகத் தரும்?

சி.என்.சி. மிஷின் வாங்குவது இன்று பெரிய காரியமே இல்லை. பத்திரத்தை வைத்தால் வங்கி கடன் தருகிறது. மிஷினை நம்ம பெங்களூர்ப் பீண்யாவிலேயே செய்கிறார்கள். காலையில் லாரியில் ஏற்றினால் மாலைக்குள் பட்டறை வாசலில் இறங்கிவிடும். ஆனால் அதில் ஜாப்பைக் கட்டி, டூலை செட் பண்ணி, முதல் பீஸை டிராயிங் கேட்கிற அளவுக்கு எடுத்துத் தருகிற ஆள் எங்கே? 'டர்னர் தேவை, செட்டர் தேவை, வி.எம்.சி. ஆபரேட்டர் தேவை' என்று கேட்டில் தொங்கும் போர்டு வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கிறது. கடனும் மிஷினும் கிடைத்த முதலாளிக்குக் கை கிடைக்கவில்லை.

ஜீவனஹள்ளித் தம்பி, அந்தப் போர்டு உன் பெயரைத்தான் கூப்பிடுகிறது. உனக்குக் காது கேட்கவில்லையா, கேட்காத மாதிரி நடிக்கிறாயா?

நீ எந்த மண்ணில் நிற்கிறாய் என்று முதலில் தெரிந்துகொள். 1940-ல் விமானம் செய்ய ஹெச்.ஏ.எல். வந்தது. 1948-ல் தூரவாணிநகரில் ஐ.டி.ஐ. டெலிபோன் ஃபேக்டரி. 1953-ல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கம்பெனி கைகொடுக்க, ஜாலஹள்ளியில் மிஷின் செய்ய ஹெச்.எம்.டி. மறு வருஷம் எலக்ட்ரானிக்ஸுக்கு பி.இ.எல். பிறகு, உன் வீட்டுக்கு ரொம்பப் பக்கத்தில், பையப்பனஹள்ளியில் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. கூட்டுறவோடு என்.ஜி.இ.எஃப். மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் செய்த இடம் அது. இன்று மெட்ரோ பிடிக்க அந்தப் பக்கம்தான் போகிறாய். அந்த மதிலுக்குள் என்ன நடந்தது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாயா? காக்ஸ் டவுன், மாருதி சேவாநகர், லிங்கராஜபுரம் என்று சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் விசாரித்துப் பார். ஃபேக்டரி பஸ்ஸுக்கு விடிகாலையில் டிபன் கேரியரோடு ஓடிய ஒரு தாத்தாவோ மாமாவோ பல வீடுகளில் இருப்பார். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களை ஊன்றி நிற்க வைத்ததில் லேத்துக்கும் அரத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

அந்த ஃபேக்டரிகள் செய்தவை மிஷினும் விமானமும் மட்டும் என்று நினைக்காதே. அவை ஆளைச் செய்தன. டிரெய்னிங் சென்டரில் சேர்ந்தவன் கையில் முதலில் கொடுப்பது மிஷின் அல்ல, ஓர் அரமும் ஓர் இரும்புத் துண்டும். வைஸில் கட்டி ராவு என்பார்கள். ராவிவிட்டு ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து, ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் கசிந்தாலும் இன்ஸ்ட்ரக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். மறுபடி ராவு. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து காய்ப்பாகிற வரைக்கும் ராவு. இது என்ன தண்டனை என்று திட்டிக்கொண்டே செய்தவர்கள்தான், பின்னாளில் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கியதைக் கண்டுபிடித்தார்கள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து, அது சீறுகிற சீறலில் சூட்டை அறிகிறாளே உன் அம்மா, அந்த மாதிரி அறிவு அது. படித்து வருவதல்ல, கை வழியாக உள்ளே இறங்குவது.

பிறகு என்.ஜி.இ.எஃப். மூடப்பட்டது. ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வை வாங்கிக்கொண்டு கைகாரர்கள் வீட்டுக்குப் போனார்கள். எல்லோரும் அழுதது போன வேலைக்காக. கூடவே பள்ளிக்கூடமும் போனதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இதற்குள் ஊர் சாஃப்ட்வேர் பக்கம் திரும்பிவிட்டது. 'படிச்சா இன்ஜினியர், இல்லேன்னா ஒண்ணுமில்லை' என்று வீட்டுக்கு வீடு ஒரு சட்டம் எழுதிக்கொண்டோம். எவன் எழுதினான் அந்தச் சட்டத்தை? கிழித்துப் போடு!

'கம்ப்யூட்டர் மிஷின் வந்தாச்சு, கைக்கு என்ன வேலை?' என்று கேட்பாய். சொல்கிறேன். 40 மில்லிமீட்டர் போர், அதாவது துளை, ஒன்று எடுக்க வேண்டும், டிராயிங்கில் ஹெச்-7 என்று போட்டிருக்கிறது. அதற்கு அர்த்தம், 40-க்குக் குறையவே கூடாது, மேலே போனால் 25 மைக்ரான் வரை போகலாம். தலைமுடி ஒன்றின் கனமே ஏறக்குறைய 70 மைக்ரான். மிஷின் வெட்டி முடித்தது. போர் கேஜை விட்டுப் பார்க்கிறாய், 40.010. பிரமாதம் என்று பட்டனை அமுக்கி அடுத்த பீஸுக்குப் போகிறவன் ஆபரேட்டர். செட்டர் ஒரு நிமிஷம் நிற்பான், ஜாப்பைத் தொட்டுப் பார்ப்பான். சுடுகிறது. இரும்பு சூட்டில் பெருத்திருக்கிறது; அறைச் சூட்டைவிட 30 டிகிரி கூடுதலாக இருந்தால் 40 மில்லிமீட்டருக்குச் சுமார் 14 மைக்ரான் கூடும். ஆறினதும் அந்தப் போர் 39.996. ரிஜெக்ஷன்! நூறு பீஸும் அப்படியே போனால் மெட்டீரியலும் போச்சு, ஆர்டரும் போச்சு. மிஷின் பொய் சொல்லவில்லை, கேஜும் பொய் சொல்லவில்லை. சூடு என்று சொன்னது கை. அந்தக் கைக்குத்தான் தம்பி பஞ்சம்.

சம்பளம் குறைவு என்கிறாயா? ஒத்துக்கொள்கிறேன். முதல் ஒன்றிரண்டு வருஷம் குறைவுதான். அதே மாதத்தில் பைக்கில் பார்சல் கொண்டுபோகிற உன் சிநேகிதன் உன்னைவிடக் கூடுதலாக எண்ணுவான். சிரிக்கவும் சிரிப்பான். சிரிக்கட்டும். அவன் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன், மழையிலும் டிராஃபிக்கிலும் ரத்தம் சுண்டுகிற வேலை. ஆனால் அவனுடைய பத்தாவது வருஷத்துக்கும் முதல் நாளுக்கும் டெலிவரி ஆப் ஒரே ரேட்தான் போடும். உன் பத்தாவது வருஷம் அப்படி இல்லை. நீ இல்லாமல் அந்த ஷெட்டில் புது ஜாப் ஏறாது என்ற நிலைக்கு வந்துவிடு. பிறகு சம்பளம் பேசும்போது யார் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறார்கள் என்று பார்.

கை கறுப்பாகும் என்று கூசுகிறாயா? கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஹோட்டலில் சர்வராக நின்று காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை அக்கக்காகக் கழற்றிப் போட்டார். அவரும் பாலசுந்தரம் என்பவரும் சேர்ந்து 1937-ல் செய்த மோட்டாரைத்தான் இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்கிறார்கள். அந்த ஊர் பம்புசெட் ஊரானது அதற்குப் பிறகுதான். கிரீஸ் படிந்த கை அது!

தங்கச்சி, நீயும் கேள். மிஷினுக்கு ஆண், பெண் தெரியாது. பளு தூக்க ஹாய்ஸ்ட் இருக்கிறது. மைக்ரோமீட்டரைப் பிடிக்க நிதானம் போதும். ஓசூர் ரோட்டில் பெண்களுக்கென்றே ஒரு தேசியத் திறன் பயிற்சி நிலையம் நிற்கிறது. 'பொம்பளப் பிள்ளைக்கு லேத்தா?' என்று கேட்கிற சித்தப்பாவிடம் ஒரு வெர்னியரைக் கொடுத்து ரீடிங் சொல்லச் சொல்.

இளசுகளை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் நியாயஸ்தன் ஆக மாட்டேன். மூத்த மேஸ்திரிகளே, டூலை கிரைண்டரில் பிடிக்கும்போது பையன் எட்டிப் பார்த்தால் முதுகைத் திருப்பிக்கொள்கிறீர்களே, யாருக்குப் பயந்து? இரண்டு வருஷத்தில் ரிட்டையர்டு ஆகப்போகிறீர்கள். அந்த டூல் ஆங்கிளை உங்களோடு எடுத்துக்கொண்டு போய் எந்த லேத்தில் ஓட்டப்போகிறீர்கள்? கர்நாடக அரசு ஐ.டி.ஐ. எனப்படும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் 150-ஐ டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து புதுப்பித்தது. மிஷின் வந்து இறங்கியது. சொல்லிக் கொடுக்க உங்களைப் போன்றவர்கள் இறங்கவில்லை என்றால் அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை.

முதலாளி அண்ணாச்சிகளே, 'கத்துக்கொடுத்தா அடுத்த ஷெட்டுக்கு ஓடிடுவான்' என்பது உங்கள் பல்லவி. நீங்கள் கற்றது யார் செலவில்? ஏதோ ஒரு பொதுத்துறை ஃபேக்டரியோ, ஏதோ ஒரு பழைய முதலாளியோ உங்கள் கையில் கெட்டுப்போன மெட்டீரியலுக்குப் பணம் கட்டியதால்தானே இன்று உங்களுக்கென்று ஒரு ஷெட் இருக்கிறது? ஓடியவர்கள்தான் பீண்யாவைப் பெரிதாக்கினார்கள். 1961-லிருந்து அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பயிற்சியாளர்களை எடுத்தே ஆக வேண்டும். நாலு பேர் மட்டும் உள்ள பட்டறையும் விரும்பினால் எடுக்கலாம். உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசின் திட்டம் ஏற்கிறது. பையனை எடுத்துக் கூட்டிப் பெருக்க விட்டுவிட்டு, அதற்கு அப்ரண்டிஸ் என்று பெயர் வைப்பது மட்டும் வேண்டாம். ஜெர்மனியில் இதே தொழிலுக்கு மூன்றரை வருஷம், பெரும்பகுதி பட்டறையிலும் மிச்சம் பள்ளியிலுமாகப் பழக்குகிறார்கள். அமெரிக்காவின் நிலைமையைப் பாருங்கள்: 2033-க்குள் உற்பத்தித் துறைக்கு 38 லட்சம் பேர் தேவைப்படலாம், அதில் 19 லட்சம் இடம் காலியாகவே கிடக்கலாம் என்று 2024-ல் டெலாய்ட் ஆய்வு சொன்னது. நீங்கள் பழக்காத பையனை நாளைக்கு எங்கேயிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது.

தம்பி, மறுபடி உன்னிடம் வருகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டு கையில் இருக்கிறதல்லவா? பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறு, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறு. ராஜாஜிநகரில் ஜி.டி.டி.சி. என்ற அரசு டூல் ரூம் பயிற்சி மையம் இருக்கிறது, 1972-ல் டென்மார்க் உதவியோடு தொடங்கியது, டூல் அண்ட் டை மேக்கிங் டிப்ளமோவுக்கு மூன்று வருஷப் படிப்பு, மேலே ஒரு வருஷம் தொழிற்சாலையிலேயே பயிற்சி. அதே லைனில் இன்னும் போனால் பீண்யா, அங்கே என்.டி.டி.எஃப். பயிற்சி நிலையம்; 1959-ல் தலச்சேரிப் பக்கம் நெட்டூரில் சுவிஸ் உதவியோடு பிறந்தது. ஃபீஸ் கட்ட முடியாதா, அரசு ஐ.டி.ஐ.யில் டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் எதையாவது எடு, இரண்டு வருஷம். முடித்ததும் லேட்டரல் என்ட்ரியில் டிப்ளமோ இரண்டாம் வருஷத்துக்கு நேராகப் போக வழி இருக்கிறது. கதவு மூடியிருக்கிறது என்று இனிமேல் என்னிடம் சொல்லாதே.

சேருவதற்கு முன்னால் கைகட்டி நிற்காமல் கேள்வி கேள். ஒர்க்‌ஷாப்பைத் திறந்து காட்டுங்கள் சார் என்று கேள். மிஷின் ஓடுகிறதா, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்களா என்று உன் கண்ணால் பார். டூல் கிரைண்டிங் எங்கள் கையால் பண்ண விடுவீர்களா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மிஷின்மேல் நிற்போம், சொல்லித்தருகிற சார் பட்டறையில் வேலை பார்த்தவரா என்று கேள். மென்று விழுங்கினார்கள் என்றால் மார்க்ஸ் கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கேட்டுக்கு நட.