கோட்டில் ஏறாத வீடு

கொரியாவின் சியோல் நகரில் கியோங்போக்குங் என்றொரு அரண்மனை. 1592 போரில் எரிந்தது. 1860களில் மறுபடி கட்டினார்கள். பிறகு ஜப்பானிய ஆட்சியில் பெரும்பகுதி இடிபட்டது. 1990 முதல் மீண்டும் கட்டி வருகிறார்கள். அதற்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த ஒரு கோட்டுப் படம். எது அறை, எது கூடம், எத்தனை அங்கணம் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கிறது.

நம் ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தின் சுவர்களில் சேதுபதியின் கொலுவும் போரும் வண்ணத்தில் இருக்கின்றன. வண்ணம் யார் பெரியவர் என்று சொல்கிறது. கோடு யார் எங்கே இருந்தார்கள் என்று மட்டும்தான் சொல்கிறது. அதனால்தான் கோட்டின் மேல் எனக்கு ஒரு மரியாதை.

ஆனால் ஒரு உறுத்தலும் உண்டு. அந்தக் கொரிய அரண்மனையை 1860களில் எழுப்பிய செலவு ஜனங்கள் தலையில் வரியாக விழுந்தது. வரி கட்டியவர்களின் குடிசையை யார் வரைந்தார்கள்?

பாம்பனில் இருக்கும் என் அப்பத்தா தனுஷ்கோடியில் வாழ்ந்தவள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊர் போனது. சர்ச் சுவர் இன்றும் நிற்கிறது, ரயில் நிலையத்தின் இடிபாடும் நிற்கிறது. ஓலை வீடு நிற்குமா? ஒருநாள் நோட்டைக் கொடுத்து, "வரைஞ்சு காட்டு அப்பத்தா" என்றேன்.

"இங்ஙன அடுப்பு. இது வலை காயப்போடுற எடம். ஊத்து இந்தப் பக்கம்."

பக்கத்திலிருந்த அவள் தங்கச்சி விடவில்லை. "ஊத்து அந்தப் பக்கம்க்கா. நாந்தானே தண்ணி மோந்தேன்?"

அரை மணி நேரம் சண்டை. எந்தக் கோடு உண்மை? அரண்மனையைத் திருப்பிக் கட்டுபவனுக்கு ஒரு கோடுதான் வேண்டும். தவறினால் தூண் இடம் மாறிவிடும். நான் எதையும் கட்டப்போவதில்லை. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு எப்போதோ அறிவித்துவிட்டது. அப்புறம் எதுக்கு இந்தப் படம் என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி.

எனக்குத் தோன்றும் பதில் இதுதான். திரும்பக் கட்டுவதற்காக மட்டும் நாம் வரைவதில்லை. சுற்றுலா வருகிறவர்கள் தனுஷ்கோடியைப் 'பேய் நகரம்' என்கிறார்கள். பேய்க்கு அடுப்பு எதற்கு? தண்ணீர் மோந்தது யார் என்று பேய்கள் சண்டை போடுமா? ஒரு நிலத்தை வெறும் மணல் என்று சொல்வது சுலபம். அங்கே யாரோ சோறு பொங்கினார்கள் என்று ஒரு கோடாவது இருந்தால் அப்படிச் சொல்ல நாக்கு கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தை உண்டாக்குவது, பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே நாம் செய்யவேண்டிய கடமை.

நோட்டில் இரண்டு ஊற்றையும் வரைந்து வைத்திருக்கிறேன். அப்பத்தா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.